நீக்கலாம்; ஆனால் கேட்காமல் நீக்கலாமா?

2025 அக்டோபர் 10-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு மனு வந்தது. மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவரின் வாட்ஸ்ஆப் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. தம்மை நாடி வருவோருடன் பத்தாண்டுகளுக்கும் மேலாக அதன் வழியாகவே தொடர்பு கொண்டிருந்ததாகவும், முடக்கத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்றும் அவர் முறையிட்டார். சமூக ஊடகக் கணக்குகளை முடக்குவதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறிமுறைகள் வேண்டும் என்பது அவரது கோரிக்கை. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு, வாட்ஸ்ஆப்பைப் பயன்படுத்துவது எவ்வாறு அடிப்படை உரிமையாகும் என்று வினவியது. வேறு செயலிகள் உள்ளனவே, உள்நாட்டுத் தயாரிப்பான 'அரட்டை' வந்திருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்றும் கூறியது. உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்ற நிலையில் மனு திரும்பப் பெறப்பட்டது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் செயலி ஒன்று, அழகிய தமிழ்ப் பெயருடன் உச்சநீதிமன்றத்தில் உச்சரிக்கப்பட்டதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. ஆயினும், பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஒரு செயலியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் இன்னொன்றுக்கு அத்தனை எளிதாகக் குடிபெயர்ந்துவிட முடியுமா? வெளியேற்றுவது தனியார் நிறுவனம் என்பதாலேயே, வெளியேற்றப்படுபவரின் தரப்பைக் கேட்கும் கடமை அதற்கு இல்லாமல் போய்விடுமா?

முதல் வினாவுக்கான விடை பொருளியல் பாடநூல்களில் உள்ளது. ஒரு கடையில் சோப்பு கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குச் செல்கிறோம்; சோப்பின் பயன் குறைவதில்லை. தகவல் தொடர்புச் சாதனத்தின் இயல்பு வேறு. அதன் பயன், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொருத்தது. பத்துப் பேர் உள்ள ஓர் அமைப்பில் இருவர் இருவராக 45 தொடர்புகள் சாத்தியம். நூறு பேர் சேர்ந்தால் அது 4,950 ஆகிறது. இதனை வலைப்பின்னல் விளைவு என்பர். எல்லாரும் இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் மட்டும் நீக்கப்படும்போது, அவர் தம் வாடிக்கையாளர், உறவினர், நண்பர் அனைவரையும் உடன் அழைத்துக்கொண்டு வேறிடம் செல்ல முடியாது. ஊரார் பழைய சந்தையிலேயே இருக்க, அவர் மட்டும் ஆளில்லாத புதிய சந்தையில் கடை விரித்து அமர வேண்டியதுதான்.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் ஒன்றில், ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டில் குறை காண்பவருக்கு இரு வழிகள் உண்டு என்றார். ஒன்று, வெளியேறுவது, மற்றொன்று, குரல் எழுப்புவது. போட்டி மிகுந்த சந்தையில் முதல் வழி பயன் தரும். வெளியேறுதல் எளிதாக இல்லாத இடத்தில், குரல் எழுப்பும் வழி திறந்திருக்க வேண்டும். இன்றைய சமூக ஊடகங்களில் வெளியேறுவதும் கடினம். குரல் எழுப்பினால் கேட்பாரும் இல்லை. குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

போடிநாயக்கனூரில் வாழும் எனக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. இவ்வூரின் பொருளாதாரம் ஏலக்காயைச் சார்ந்தது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு உள்ளது. போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களில் விளையும் ஏலக்காய் மலையிறங்கி வந்து, தரம் பிரிக்கப்பட்டு, நாடெங்கும் செல்கிறது. அன்றைய ஏல விலை சில நிமிடங்களில் கைப்பேசிக் குழுக்களில் பரவிவிடும். ஜீப் ஓட்டுநர் மறுநாள் எத்தனை தொழிலாளர்களை மலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதும் அதே கைப்பேசி வழியாகத்தான் முடிவாகிறது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் ஏலக்காயை வாங்கித் தரம் பிரித்து, சிறு பொட்டலங்களாக வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி வருகிறார். கடை வாடகை கொடுக்க இயலாத நிலையில், சமூக ஊடகப் பக்கம் ஒன்றே அவருடைய கடை. ஆறு ஆண்டுகளாக வளர்த்த அப்பக்கம் ஒருநாள் காலை மூடப்பட்டிருந்தது. 'சமூக நெறிமுறைகளுக்கு முரணானது' என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். எந்தப் பதிவு, எந்த நெறிமுறை என்ற குறிப்பு இல்லை. மறுபரிசீலனை கோரி விண்ணப்பித்தார். சில நிமிடங்களில் விடை வந்தது: 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை, இனி முறையிட இயலாது.' இத்தனை விரைவாகப் பரிசீலித்தது மனிதராக இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களின் முகவரிகள், வராமல் நின்ற கொள்முதல் ஆணைகள், பொருள்களின் படங்கள் அனைத்தும் அந்தப் பூட்டிய கதவுக்கு உள்ளேயே தங்கிவிட்டன. அவர் தவறே செய்யவில்லை என்று நான் சான்றளிக்க முடியாது. ஆனால், எது தவறு என்று அவருக்கே சொல்லப்படவில்லை என்பதற்கு நான் சாட்சி.

இத்தகைய முடக்கங்களின் அளவையும் பார்க்க வேண்டும். இந்திய விதிகளின்படி பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும். 2023 நவம்பர் மாதத்தில் மட்டும் இந்தியாவில் 71 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளைத் தடை செய்ததாக வாட்ஸ்ஆப் அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 19.5 லட்சம் கணக்குகள், எவரும் புகார் தருவதற்கு முன்பே தடை செய்யப்பட்டவை. அதே மாதத்தில் குறைதீர் வழியில் வந்த முறையீடுகள் 8,841. அவற்றில் நடவடிக்கை எடுக்கப்பட்டவை ஆறு.

தடை செய்யப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மோசடிக்காரர்களாகவும், விளம்பரக் குப்பை அனுப்புவோராகவும் இருக்கலாம். நிறுவனத்தின் கணிப்பு நூற்றுக்கு 99 சரி என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒரு விழுக்காடு, 71 லட்சத்தில் 71 ஆயிரம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி போடி நகராட்சியின் மக்கள்தொகையே ஏறத்தாழ 75 ஆயிரம்தான். மாதத்துக்கு ஒரு போடி நகரம் தவறுதலாகத் தண்டிக்கப்பட்டாலும், அது 'மிகத் துல்லியமான' அமைப்பு என்றே பெயர் பெறும்.

புள்ளியியலில் இருவகைப் பிழைகள் உண்டு: குற்றமற்றவரைக் குற்றவாளி எனக் கொள்வது ஒன்று, குற்றவாளியைத் தப்பவிடுவது மற்றொன்று. மோசடிக்காரர் ஒருவர் தப்பிவிட்டால் நிறுவனத்துக்குக் கெட்ட பெயர். அரசின் அழுத்தமும் வரும். குற்றமற்றவர் ஒருவர் நீக்கப்பட்டால் அந்த இழப்பு முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. நிறுவனத்தின் கணக்கேட்டில் அது பதிவாவதே இல்லை. ஒரு தனிப் பயனரால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் வருவாயைவிட, அவரது முறையீட்டை மனிதர் ஒருவர் பொறுமையாகப் படிப்பதற்கு ஆகும் செலவு அதிகமாக இருக்கலாம். எனவே, அதிகமாக நீக்குவதும் குறைவாகக் கேட்பதும் நிறுவனத்துக்கு ஆதாயமான வழிகளாகிவிடுகின்றன. இதில் தனிமனிதக் கெட்ட எண்ணம் எதையும் தேட வேண்டியதில்லை. ஆதாயத்தின் திசை அப்படி அமைந்திருக்கிறது. அத்திசையை மாற்றுவது சட்டத்தின் வேலை.

சூழலை அறியாத கணிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உச்சநீதிமன்ற மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டேயின் அனுபவம் சான்று. 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே கை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகைப்படம் உலகறிந்தது. அதைத் தம் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்த ஹெக்டேயின் கணக்கு, வெறுப்பைப் பரப்பும் படம் என்ற காரணத்துக்காக 2019 அக்டோபரில் முடக்கப்பட்டது. நாஜி எதிர்ப்பின் அடையாளம், நாஜி அடையாளமாகவே கொள்ளப்பட்டது. பின்னர் வேறொரு பழைய பதிவைக் காரணம் காட்டிக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அவர் தில்லி உயர்நீதிமன்றம் சென்றார். தாங்கள் அரசு அமைப்பு அல்ல, எனவே ரிட் மனுவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். மூத்த வழக்குரைஞருக்கே இந்நிலை என்றால், சாமானியர் எங்கே போவார்?

தமிழர்களுக்கு இது புதிதன்று. லண்டனிலிருந்து வெளிவரும் 'தமிழ் கார்டியன்' இதழ், ஈழப்போரில் இறந்தோரை நினைவுகூரும் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் நீக்கப்படுவதாகப் பலமுறை முறையிட்டிருக்கிறது. நினைவேந்தலுக்கும் ஆதரவுப் பரப்புரைக்கும் இடையிலான வேறுபாட்டை, மொழியும் வரலாறும் அறிந்த ஒருவரே பிரித்தறிய முடியும்.

சென்ற ஆண்டுகளின் இன்னொரு நிகழ்வை இதனுடன் ஒப்பிடலாம். 2025 பிப்ரவரியில், பிரதமரைச் சித்திரித்த கேலிச்சித்திரம் ஒன்றை முன்னிட்டு விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. முடக்கியது மத்திய அரசு. எனவே, சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடிந்தது. மார்ச் 6-ஆம் தேதி, குறிப்பிட்ட அந்தச் சித்திரத்தை மட்டும் நீக்கினால் தளத்தின் மீதான முடக்கத்தை விலக்க வேண்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அரசு முடக்கினால் மூன்றே வாரங்களில் நீதிமன்றம் குறுக்கிட வழியிருக்கிறது. ஒரு படத்துக்காகத் தளம் முழுவதையும் மூடுவது முறையா என்ற கேள்வியை எழுப்ப இடமிருக்கிறது. நிறுவனம் முடக்கினால் அக்கேள்வியை எழுப்ப இடமே இல்லை.

சட்டம் முற்றிலும் மௌனமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட நிறுவனங்கள் இந்தியாவில் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றன. நிறுவனம் தானாக முன்வந்து ஒரு பதிவை நீக்கினால், அதற்கு முன் பயனருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அவர் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறின. 2022 அக்டோபரில் செய்யப்பட்ட திருத்தம், அரசமைப்புச் சட்டத்தின் 14, 19, 21 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு வழங்கும் உரிமைகளை நிறுவனங்கள் மதிக்க வேண்டும் என்றது. குறைதீர் அலுவலரின் முடிவில் நிறைவடையாதவர்கள் 30 நாள்களுக்குள் முறையிடுவதற்கு மேல்முறையீட்டுக் குழுக்களும் அமைக்கப்பட்டன. மூன்று குழுக்கள் 2023 மார்ச் முதல் இயங்கி வருகின்றன.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உள்ளது. பதிவு நீக்கத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் அதே விதிகள், நிபந்தனைகளை மீறும் பயனரின் அணுகலை உடனடியாக முடிவுக்குக் கொண்டுவரும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை அவ்வப்போது பயனர்களுக்கு அறிவிக்குமாறும் நிறுவனங்களிடம் சொல்கின்றன. ஒரு பதிவை நீக்க முன்னறிவிப்பு. கணக்கையே நீக்க 'உடனடி' உரிமை! சிறு தண்டனைக்கு விசாரணை உண்டு, பெருந்தண்டனைக்கு இல்லை என்பது எந்த நீதியிலும் பொருந்தாத தலைகீழ் முறை.

நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இலவசமாக வழங்கப்படும் சேவையைத் தன் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நம் கவனத்தையும் தகவல்களையும் விலையாகப் பெற்று விளம்பரதாரருக்கு விற்கும் ஒரு தொழிலை 'இலவச சேவை' என்பது பொருளியலின்படி நிற்காத வாதம். எனினும், சட்டத்தின் சொற்கள் இன்னும் அந்த இடத்தை எட்டவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இணைய மோசடி இன்று பெருந்தொழிலாகிவிட்டது. 2025-இன் முதல் ஆறு மாதங்களில், மோசடிக் கும்பல்களுடன் தொடர்புடைய 68 லட்சம் கணக்குகளை உலகளவில் நீக்கியதாக வாட்ஸ்ஆப்பின் உரிமையாளரான மெட்டா அறிவித்தது. ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த முதியவர்களை நாம் எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். மோசடிக்காரருக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து விளக்கம் கேட்டால், அதற்குள் அவர் இன்னும் நூறு பேரை ஏமாற்றிவிடுவார். காரணங்களை விரிவாகச் சொன்னால் தப்பிக்கும் வழியை நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும் என்ற வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று.

இதற்கு விடை, நிறுத்திவைப்பையும் நிரந்தர நீக்கத்தையும் பிரிப்பதில் இருக்கிறது. ஐயத்துக்குரிய கணக்கை உடனே நிறுத்திவைக்கட்டும், எவரும் எதிர்க்கப்போவதில்லை. நிரந்தரமாக நீக்குவதற்கு முன் விசாரணை நடக்கட்டும். இது நம் சட்டத்துக்கு அந்நியமானதன்று. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தாறுமாறாக ஜீப் ஓட்டும் ஒருவரின் உரிமத்தை ரத்து செய்வது உயிர்காக்கும் செயல்தான். அதற்கும்கூட 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஓட்டுநரின் தரப்பைக் கேட்க வேண்டும், காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையையும் தருகிறது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில், கடவுச்சீட்டை முடக்கும்போதும் பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அவசரமெனில் முதலில் முடக்கிவிட்டு உடனே விசாரிக்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் அணுகுமுறையே.

ஐரோப்பாவில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. 2021 ஜூலை 29-ஆம் தேதி ஜெர்மனியின் கூட்டாட்சி உயர்நீதிமன்றம், ஒரு கணக்கை முடக்கும் முன் பயனருக்குக் காரணத்தைத் தெரிவித்து, விளக்கம் பெற்று, மீண்டும் முடிவெடுக்க வேண்டும் என்று முகநூல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வழிமுறை இல்லாத ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்றது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது, நிறுவனத்துக்கு வெளியே சுதந்திரமான தீர்வு அமைப்பை நாடும் வாய்ப்பு வேண்டும் என்கிறது. அதே நிறுவனங்கள்தாம் அங்கும் தொழில் நடத்துகின்றன. அங்கு இயன்றது இங்கு இயலாது என்பதற்குக் காரணமில்லை.

தனியார் நிறுவனத்தின் மீது இத்தகைய கடமையைச் சுமத்தலாமா என்ற வினாவுக்கும் விடை உண்டு. பயனர்கள் வெளியிடும் பதிவுகளுக்காக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79-ஆம் பிரிவின் வழியே வழங்குகிறது. நாளிதழ்களுக்கு இல்லாத சலுகை அது. பொதுமக்கள் அளிக்கும் சலுகைக்கு ஈடாகப் பொதுமக்களுக்கு நியாயமான விசாரணையைக் கேட்பதில் தவறென்ன?

நாம் கேட்க வேண்டியவை ஐந்து. முதலாவது, எந்தப் பதிவு, எந்த விதியை மீறியது என்பதைக் குறிப்பிட்டு அறிவிப்பு வேண்டும். இரண்டாவது, முறையீட்டை அந்த மொழி அறிந்த ஒரு மனிதர் குறித்த காலத்துக்குள் படிக்க வேண்டும். முதல் முடிவை எடுத்த இயந்திரமே மேல்முறையீட்டையும் தீர்க்கக் கூடாது. மூன்றாவது, தண்டனை தவறுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். ஒரு படத்துக்காக ஆறாண்டுப் பக்கத்தை அழிக்கக் கூடாது. நான்காவது, நீக்கப்பட்டாலும் அவரது படங்கள், தொடர்பு முகவரிகள், கணக்கு விவரங்கள் அவரிடம் திருப்பித் தரப்பட வேண்டும். 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்ற முடிகிறது. எண் நிறுவனத்தினுடையது அன்று, வாடிக்கையாளருடையது என்ற அந்தக் கொள்கை இங்கும் வரட்டும். 2019-இல் முன்மொழியப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்த தரவுப் பெயர்வு உரிமை, 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஐந்தாவது, மேல்முறையீட்டுக் குழுவில் தமிழிலேயே முறையிடும் வாய்ப்பு உறுதி செய்யப்பட வேண்டும்.

அதுவரை பாதிக்கப்பட்டோர் செய்யக்கூடியதும் உண்டு. செயலிக்குள் வரும் 'முடிவு இறுதியானது' என்ற வாசகத்தோடு நின்றுவிட வேண்டாம். நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிட்டு, அதன் பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அவரது பதில் வந்த 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை இணையவழியில் அணுகுங்கள். தொழிலுக்குச் சமூக ஊடகத்தை நம்பியிருப்போர், வாடிக்கையாளர் முகவரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது தனியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தேனி மாவட்டத்தில், கூடலூருக்கு அருகே கேரள எல்லையில் உள்ள மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேறுகிறார்கள். அவர்கள் வழிபடும் தெய்வத்தின் கதை, குற்றம் சாட்டப்பட்டவனை விசாரிக்காமல் தண்டித்த ஓர் அரசைப் பற்றியது. கள்வனைத் தண்டிக்கும் அதிகாரம் பாண்டியனுக்கு இல்லை என்று எவரும் சொல்லவில்லை. கேட்காமல் தண்டித்ததுதான் பிழையாயிற்று. சமூக ஊடக நிறுவனங்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. நீக்கும் அதிகாரம் அவர்களிடமே இருக்கட்டும். நீக்கப்படுபவரின் ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அதைப் பயன்படுத்தட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).